கைப்பிடி மரத்துப்போகாமல்: 66 சிசி சைக்கிள் இன்ஜின் ஒன்றைச் சீராக்கிய நிகழ்வு ஆய்வு

சைக்கிளில் மாட்டும் டூ ஸ்ட்ரோக் கிட் இன்ஜின் ஒழுங்காக ஓடவில்லை என்றால் எல்லோருடைய கையும் முதலில் போவது கார்பரேட்டருக்குத்தான். பாதி இன்ஜின்கள் கெடுவதும் அந்த அவசரத்தில்தான். இங்கே அலசும் வண்டியில் இந்த வகை இன்ஜினுக்கு வழக்கமாக வரும் கோளாறுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. ஒன்று இன்னொன்றை மறைத்தது. ஒன்றைச் சரிசெய்ததும் அடுத்தது அதிகமானதுபோலத் தெரிந்தது. எதை முதலில் தொடுவது, எதைக் கடைசிவரை தொடக்கூடாது என்பதே இதில் முக்கியம்.

வண்டியும் நிலையும்

26 அங்குலச் சக்கரம், இரும்புச் சட்டம். சிலிண்டர் விட்டம் 47 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 38 மி.மீ.; கணக்குப் போட்டால் 65.9 சிசி. ‘80 சிசி’ என்று விற்கப்படுவதும் இதே இன்ஜின்தான், பெயரில் கூடுதலாக இருக்கும் 14 சிசி சிலிண்டருக்குள் கிடையாது. ரீட் வால்வு (கலவை திரும்பி வராமல் தடுக்கும் மெல்லிய தகட்டு வால்வு) இல்லை; பிஸ்டனின் கீழ்விளிம்பே இன்லெட் போர்ட்டைத் திறந்து மூடுகிறது. என்.டி. வகைக் கார்பரேட்டர், மேக்னெட் காயில், ஸ்பார்க்குக்கு மின்சாரம் அனுப்பும் சி.டி.ஐ. பெட்டி. உள்ளே 20 பல், 82 பல் கியர் ஜோடி, அது 4.1 மடங்கு குறைக்கும். வெளியே 10 பல் சின்ன ஸ்பிராக்கெட்டிலிருந்து பின்சக்கரத்தின் 44 பல் ஸ்பிராக்கெட்டுக்கு 415 செயின். ரன்னிங்-இன் (புது இன்ஜினை மெதுவாக ஓட்டிப் பழக்கும் காலம்) முடிந்து 400 கி.மீ. ஓடியிருந்தது.

புகார்கள் ஐந்து. சூடேறிய பிறகு ஆக்சிலரேட்டரை விட்டாலும் ரேஸ் (இன்ஜினின் சுற்று வேகம்) உடனே இறங்காது. நாலைந்து விநாடி அப்படியே நின்றுவிட்டு மெல்ல இறங்கும். கால் பங்கிலிருந்து அரை ஆக்சிலரேட்டர் வரை ‘பட... பட்பட... பட’ என்று ஒன்றுவிட்டு ஒன்றாக அடிக்கும். முழுதாகத் திருகினால் சத்தம் கூடுமே தவிர இழுவை கூடாது. 30 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் கைப்பிடி அதிர்ந்து விரல் மரத்துப்போகும். மெதுவாகப் போகும்போது செயினில் ஒரு வெட்டு, 15 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு இரண்டு முறை.

கடைசிப் புகாரில் வந்த எண்ணே பாதிப் பதிலைச் சொல்லிவிடுகிறது. 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.07 மீட்டர் நகரும். 15 கி.மீ. வேகத்தில் அது விநாடிக்கு இரண்டு சுற்று. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெட்டு என்றால் அது இன்ஜினின் குறை அல்ல, பின் ஸ்பிராக்கெட்டின் குறை.

இதற்குமுன் செய்யப்பட்டிருந்த கைவேலையும் முக்கியம். ரேஸ் இறங்காமல் நிற்பது பெட்ரோல் குறைவதன் அடையாளம் என்று யாரோ சரியாகவே கணித்து, கார்பரேட்டர் ஊசியின் கிளிப்பைக் கடைசிக் காடிக்கு இறக்கி, மெயின் ஜெட்டை (பெட்ரோல் பாயும் துளையுள்ள திருகை) 0.70-லிருந்து 0.75 மி.மீ.க்கு மாற்றியிருந்தார்கள். கணிப்பு சரி, மருந்து தவறு. பெட்ரோல் குறையவில்லை; கார்பரேட்டரைத் தாண்டி வேறொரு வழியில் காற்று நுழைந்துகொண்டிருந்தது.

முதலில் பெட்ரோலும் ஆயிலும்

டியூனிங்குக்கு முன் கலவை விகிதத்தை ஒன்றாக நிலைநிறுத்த வேண்டும். இடையில் மாற்றினால் அதுவரை பார்த்த ஜெட் கணக்கெல்லாம் நகர்ந்துவிடும். லிட்டருக்கு 50 மி.லி. ஆயில் (20:1) என்றால் கலவையில் பெட்ரோல் 95.2 சதவீதம், 31 மி.லி. (32:1) என்றால் 97 சதவீதம். ஆயிலைக் கூட்டினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறைகிறது; ஆயில் கூடியதால் கலவையும் தடித்து, துளையில் மெதுவாக ஓடுகிறது. ‘பாதுகாப்புக்கு’ என்று ஒரு மூடி கூடுதலாக ஊற்றுவது பெட்ரோல் கணக்கில் எதிர்ப்பக்கம் போகும் காரியம். பலரும் இதைக் கவனிப்பதில்லை.

இந்த இன்ஜினுக்கு ரன்னிங்-இன் காலத்தில் 20:1, அதன்பின் நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலில் 25:1, அதாவது லிட்டருக்கு 40 மி.லி. ஆயிலை ஊசியில்லாத மருந்துச் சிரிஞ்சால் அளந்து, தனிக் கேனில் கலந்து குலுக்கி, பிறகு டேங்கில் ஊற்ற வேண்டும். டேங்குக்குள் நேராக ஆயிலை ஊற்றினால் அது அடியில் தங்கி முதல் இரண்டு கி.மீ.க்குப் புகையாகவும் பிளக் அடைப்பாகவும் வெளிவரும். இந்த வண்டியின் டேங்கில் மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் இருந்தது. அதை வடித்துவிட்டுப் புதிதாக 2 லிட்டர் கலந்த பிறகே மற்ற வேலை தொடங்கியது.

காற்று எங்கே நுழைகிறது

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸும் (பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறை) ஒரு பம்ப். அதில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கலவை கெடும். ஓட்டையின் அளவு மாறாது; ஆனால் ஆக்சிலரேட்டர் மூடியிருக்கும்போது உள்ளிழுக்கும் வேகம் அந்த ஓட்டையின் வழியாகவே பாயும். அதனால் ஐடிலிங்கில் கசிவின் பங்கு மிகப் பெரியது. முழுதாகத் திறந்தால் கார்பரேட்டர் வாய் அகலமாக இருப்பதால் அதே கசிவு கணக்கிலேயே வராது. ‘ஐடிலிங்கில் பெட்ரோல் குறைவு, நடுவில் பெட்ரோல் மிகுதி’ என்ற முரணான அறிகுறி ஒரே இன்ஜினில் தெரிந்தால், ஜெட்டை விட்டுவிட்டுக் கசிவைத் தேட வேண்டும்.

ஓடும் இன்ஜினில் எளிய சோதனை: சோப்புத் தண்ணீரைச் சிறு தெளிப்பானில் எடுத்துக் கார்பரேட்டர் கழுத்து, இன்லெட் குழாய் பொருந்துமிடம், சிலிண்டரின் அடிப் பேக்கிங், ஹெட் விளிம்பு என்று ஒவ்வொன்றாகத் தெளிப்பது. எந்த இடத்தில் ரேஸ் சட்டென்று மாறுகிறதோ அங்கே கசிவு. பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். சைலன்சர் ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது.

கிராங்க் ஆயில் சீல் கசிவு இப்படித் தெரியாது. அதற்கு அழுத்தச் சோதனைதான். கார்பரேட்டரைக் கழற்றி, சைலன்சர் வாயை ரப்பர் தகடு வைத்து இறுக்கி அடைக்கவும். இன்லெட் குழாயில் ரப்பர் அடைப்பான் வைத்து அதன் நடுவே சின்ன ட்யூப் விட்டு, மீட்டர் உள்ள கைப்பம்பால் 6 பி.எஸ்.ஐ. ஏற்றவும். அதற்குமேல் போனால் சீலின் உதடு மடங்கிப்போகும். இதில் பலர் தவறவிடும் நுணுக்கம் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பது. பிஸ்டன் மேலே இருக்கும்போதுதான் இன்லெட் போர்ட் கிராங்க் கேஸுக்குத் திறந்திருக்கும். இன்லெட் பேக்கிங், கேஸின் நடு இணைப்பு, இரண்டு சீல்கள் ஆகியவை இந்த நிலையில் சோதனைக்கு வரும். அடுத்து பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் துளை வழியாக ஏற்ற வேண்டும். அப்போது டிரான்ஸ்பர் போர்ட்டுகள் (கிராங்க் கேஸிலிருந்து சிலிண்டருக்குக் கலவை ஏறும் வழிகள்) திறந்து ஹெட், அடிப் பேக்கிங், சைலன்சர் இணைப்பு ஆகியவை சேரும். ஒரே நிலையில் பார்த்துவிட்டு ‘கசிவே இல்லை’ என்று முடிவுசெய்தால் பாதி இன்ஜின்தான் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஒரு நிமிடத்தில் 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் சோப்பு நுரை பூசிக் குமிழியைத் தேடவும்.

இந்த வண்டியில் சீல்கள் நன்றாக இருந்தன. கசிவு இரண்டு இடத்தில்.

ஒன்று, இன்லெட் குழாயும் சிலிண்டரும் சேரும் பட்டை. வார்ப்பு அலுமினியம் இரண்டு போல்ட்டுக்கும் நடுவே வளைந்திருந்தது. கண்ணாடித் துண்டின்மேல் 400 எண் உப்புத்தாளை விரித்து, எட்டு எழுதுவதுபோலத் தேய்த்து முகம் முழுவதும் ஒரே நிறமாக வரும்வரை சமப்படுத்தப்பட்டது. பழைய பேக்கிங்கின் துளை போர்ட்டைவிடச் சிறியதாக, காற்றுவழியில் 2 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தது. புதிய பேக்கிங் தாளில் போர்ட்டின் வடிவத்தை அச்செடுத்து வெட்டியதில் அந்தத் தடையும் போயிற்று.

இரண்டாவது, இந்தக் கார்பரேட்டரின் பிறவிக் குறை. குழாயின்மேல் ஏறும் கழுத்தில் கிளாம்ப் இறுகுவதற்காக ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். குழாய் உள்ளே போகும் ஆழத்தைவிட அந்த வெட்டு நீளமாக இருந்தால், எவ்வளவு இறுக்கினாலும் வெட்டின் வழியே காற்று போகும். கழுத்தின் அடியில், குழாய் விளிம்பு முட்டுமிடத்தில் 2 மி.மீ. தடிமனுள்ள, பெட்ரோலைத் தாங்கும் ஓ-ரிங் ஒன்றை உட்கார வைத்து, கார்பரேட்டரைக் கையால் அழுத்திப் பிடித்தபடியே கிளாம்ப்பை இறுக்க வேண்டும். ஜன்னலுக்குப் பூசும் சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் ஊறி ஜெல்லிபோல உரிந்து உள்ளே போகும்; அதைப் பூசாதீர்கள்.

பேக்கிங்கெல்லாம் பார்த்த கையோடு ஹெட் நட்டுகளும் பார்க்கப்பட்டன. நான்கில் ஒன்று விரலாலேயே திரும்பியது. குளிர்ந்த இன்ஜினில், குறுக்குக் குறுக்காக, மூன்று தவணையில் இறுக்க வேண்டும். 8 மி.மீ. ஸ்டட் என்றால் 14 நியூட்டன் மீட்டர் போதும், 6 மி.மீ. என்றால் 10. டார்க் ஸ்பேனர் இல்லாமல் நீளக் கைப்பிடியில் இறுக்கினால் அலுமினியத்திலிருந்து ஸ்டட் புரியோடு வெளியே வந்துவிடும்.

கசிவுகள் அடைந்ததும் ஐடிலிங் சட்டென்று இறங்கி, புகைந்து நின்றுபோனது. ஐடிலிங் திருகை ஒன்றரைச் சுற்று உள்ளே முறுக்கியதும் நிலைத்தது. ரேஸ் தொங்கும் குறை முற்றிலும் போய்விட்டது. ஆனால் கால் பங்கு முதல் அரை ஆக்சிலரேட்டர் வரை இருந்த படபடப்பு முன்னைவிட மோசமானது. பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து, சரியாகச் செய்த வேலையைப் பழையபடி கலைத்துவிடுகிறார்கள். நடந்ததோ எதிர்பார்க்க வேண்டியதுதான்: கூடுதலாக நுழைந்த காற்று அடைந்ததால், கூடுதலாக ஏற்றி வைத்திருந்த பெட்ரோல் இப்போது மறைப்பின்றி வெளியே தெரிகிறது.

மிஸ்ஸிங்கா, பெட்ரோல் மிகுதியா

இரண்டும் காதுக்கு ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் வேறுபாடு உண்டு. ஸ்பார்க் தவறினால் ஒழுங்கில்லாமல் வெட்டும். குண்டுகுழியில் ஏறி இறங்கினால் கூடும். சில நேரம் பின்னால் வெடிக்கும். பெட்ரோல் மிகுந்தால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரியும், அதாவது டூ ஸ்ட்ரோக் ஃபோர் ஸ்ட்ரோக்போல அடிக்கும். அதில் ஒரு தாளம் இருக்கும்.

சந்தேகம் தீர ஓர் எளிய வழி உண்டு. வாகன நடமாட்டமில்லாத சமதளச் சாலையில், படபடக்கும் அதே ஆக்சிலரேட்டர் அளவை அசையாமல் பிடித்தபடி பெட்ரோல் குழாயை அடைக்கவும். ஃப்ளோட் கிண்ணத்தில் மட்டம் இறங்க இறங்கக் கலவையில் பெட்ரோல் குறையும். நிற்கப்போகும் முன் சில விநாடிகள் இன்ஜின் தெளிவாகி இழுத்தால் அது பெட்ரோல் மிகுதி. மாற்றமே இல்லாமல் வெட்டி வெட்டி நின்றால் ஸ்பார்க்கைப் பார்க்க வேண்டும். தெளிவான அந்தக் கணத்திலேயே கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்துவிட வேண்டும். வறண்ட கலவையில் தொடர்ந்து இழுக்கவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இந்த வண்டி ஏழெட்டு விநாடி அருமையாக ஓடிவிட்டு நின்றது. விடை கிடைத்துவிட்டது. ஆனாலும் ஸ்பார்க் பக்கத்தை ஒருமுறை சுத்தம் செய்துவிட்டே ஜெட்டைத் தொட வேண்டும். கிட்டோடு வந்த பிளக்குக்குப் பதில் என்.ஜி.கே. பி6எச்எஸ், இடைவெளி 0.6 மி.மீ. முறுக்கி டேப் சுற்றியிருந்த ஒயர் இணைப்புகள் ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டன. நீல ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் இடையே காயிலின் தடை 300-லிருந்து 400 ஓம் வரை இருக்க வேண்டும், இருந்தது. வெள்ளை ஒயர் தனி. அதில் விளக்கை மாட்டினால் காயிலின் மின்சாரம் பங்கிடப்பட்டு ஸ்பார்க் வலுவிழக்கும். அதன் நுனியை மூடிச் சும்மா விட்டுவிடுவதே நல்லது. விளக்குக்குத் தனி பேட்டரி வைத்துக்கொள்ளலாம்.

கார்பரேட்டர்: இப்போதுதான் அதன் முறை

என்.டி. கார்பரேட்டரில் ஐடிலிங்குக்கென்று தனி ஜெட் கிடையாது. ஐடிலிங் திருகு ஸ்லைடை (காற்று வழியைத் திறந்து மூடும் உருளையை) சற்றுத் தூக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை ஸ்லைடின் வெட்டு முகம் ஆளும். அங்கிருந்து முக்கால் வரை ஊசி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எந்தத் திறப்பில் குறை தெரிகிறதோ அதற்குரிய பாகத்தை மட்டும் தொட வேண்டும். ஆக்சிலரேட்டர் கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டால் ஊகத்துக்கு வேலையில்லை.

திறந்து பார்த்ததில் முதலில் பிடிபட்டது ஜெட்டே அல்ல, சோக் நெம்புகோல். இந்தக் கார்பரேட்டரில் அது ஆணியில் தளர்வாகவே உட்கார்ந்திருக்கும். அதிர்வில் தானாக நகர்ந்து காற்று வழியைக் கால்வாசி அடைத்துவிடும். ஓட்டுகிறவருக்குத் தெரியாது, ஜெட் பெரிது என்று நினைத்துக்கொள்வார். நெம்புகோலின் அடியில் ஒரு சிறு ஸ்பிரிங் வாஷரை வைத்து இறுக்கமாக்கினால் போதும். இதைச் செய்யாமல் ஜெட்டை மாற்றியவர்கள், சோக் சரியாகத் திறந்திருக்கும் நாளில் பிஸ்டனைச் சுட்டுக்கொள்வார்கள்.

அடுத்து ஃப்ளோட். கிண்ணத்தில் மட்டம் உயர்ந்தால் எல்லாத் திறப்பிலும் பெட்ரோல் கூடும். குழாயைத் திறந்துவைத்து ஐந்து நிமிடம் கழித்துக் கார்பரேட்டர் அடியில் ஈரம் இருந்தால் மட்டம் அதிகம், அல்லது ஃப்ளோட் ஊசி சரியாக உட்காரவில்லை. பித்தளை நாக்கை அரை மி.மீ. வளைத்தாலே மட்டம் கணிசமாக மாறும். இங்கே ஊசியின் இருக்கையில் ஒட்டியிருந்த பிசினைத் துடைத்ததே போதுமாக இருந்தது.

காற்று வடிகட்டியின் ஸ்பாஞ்சை சோப்பில் கழுவி, காயவைத்து, மெல்ல ஆயில் பூசி மாட்டவும். வடிகட்டி இல்லாமல் டியூன் செய்து பிறகு மாட்டுவது வீண் வேலை. ஸ்லைடைத் திரும்ப மாட்டும்போது அதன் வெட்டு முகம் வடிகட்டியைப் பார்க்க வேண்டும். மாறிப்போனால் ஸ்லைடு முழுதாக இறங்காது. ஸ்டார்ட் ஆன கணமே இன்ஜின் அலறும்.

இனி ஊசி. நான்கு காடிகள். கிளிப்பை மேல்காடிக்கு ஏற்றினால் ஊசி கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். கீழ்காடிக்கு இறக்கினால் கூடும். இது தலைகீழாகத் தோன்றுவதால் அனுபவசாலிகளுக்கும் அவ்வப்போது மாறிப்போகும். இங்கே நான்காம் காடியிலிருந்து மூன்றுக்கு ஏற்றியபோது அரைத் திறப்பின் படபடப்பு பாதியானது. மேலிருந்து இரண்டாம் காடியில் நின்றது. முதல் காடியையும் முயன்று பார்த்தார்கள்: சட்டென்று திருகினால் ஒரு கணம் மூச்சடைத்துப் பிறகு எடுத்தது. அது பெட்ரோல் போதாமை. இரண்டே சரி.

மெயின் ஜெட்டில் எண்ணை நம்ப வேண்டாம், துளையை அளக்கவும். நுண் டிரில் பிட்டின் மழமழப்பான தண்டுப்பகுதியை நுழைத்துப் பார்ப்பதே நல்ல அளவுகோல். கம்பியை விட்டுக் குடைந்தால் துளை சிதையும். பெட்ரோல் பாய்வதைத் தீர்மானிப்பது விட்டத்தைவிடப் பரப்பளவு என்பதால், சின்ன எண் மாற்றமும் பெரிதாகப் பேசும்: 0.75-லிருந்து 0.70 என்றால் பரப்பு 13 சதவீதம் குறைகிறது, 0.70-லிருந்து 0.65 என்றால் இன்னும் 14 சதவீதம்.

0.70 போட்டபோது முழுத் திறப்பில் இன்னும் கரகரப்பு. 0.65-இல் சத்தம் தெளிந்து ஒரே இழையாக வந்தது, ஏற்றத்தில் இழுவையும் கூடியது. 0.62-ஐயும் போட்டுப் பார்த்தார்கள். சுமையில்லாமல் ரேஸ் கொடுத்தால் இன்னும் கூர்மையாகப் பாடியது. ஆனால் ஒரு நீள ஏற்றத்தில் பாதியில் இழுவை தளர்ந்தது, ஹெட்டிலிருந்து வெப்பம் முழங்காலில் அடித்தது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல்தான் ஆயிலைச் சுமந்து வருகிறது. பெட்ரோல் குறைந்தால் குளிர்ச்சியும் குறையும், மசகும் குறையும். காதுக்கு இனிமையாக இருக்கும் ஜெட் எப்போதும் பிஸ்டனுக்கு இனிமையானதல்ல. 0.65-க்கே திரும்பியாயிற்று.

உறுதிப்படுத்தப் பிளக் சோதனை: புதுப் பிளக் போட்டு, ஏற்றத்தில் முழு ஆக்சிலரேட்டரில் ஒரு கி.மீ. ஓட்டி, ரேஸை விடாமலேயே கிளட்சையும் கில் சுவிட்சையும் ஒரே நேரத்தில் அழுத்தி நிறுத்தவும். ஐடிலிங்கில் வந்து நின்றால் பிளக் ஐடிலிங்கின் கதையைத்தான் சொல்லும். பீங்கானின் நுனியைவிட உள்ளே அடிப்பகுதியில் இருக்கும் வளையத்தைப் பார்க்க வேண்டும். வெளிர்ப் பழுப்பு நல்லது. ஈரக் கறுப்பு மிகுதி. சுண்ணாம்பு வெள்ளையும் புள்ளிப் புள்ளியான அலுமினியத் துகளும் தெரிந்தால் அன்றைக்கு அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டக்கூடாது.

எல்லாம் முடிந்த பிறகும், சுமையில்லாமல் மெல்ல ஓடும்போது லேசான படபடப்பு மிச்சமிருந்தது. அதைத் துரத்த வேண்டாம். கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது சிலிண்டருக்குள் வரும் புதுக் கலவை குறைவு, முந்தைய சுற்றின் எரிந்த வாயு அதிகம். அதனால் சில சுற்றுகள் பற்றாமல் போகும். இது போர்ட் வகை டூ ஸ்ட்ரோக்கின் இயல்பு. ஜெட்டைச் சிறிதாக்கி இதை ஒழிக்க நினைப்பவர்கள் கடைசியில் பிஸ்டன் வாங்குவார்கள்.

அதிர்வு: கலவையோடு சம்பந்தமில்லாத பகுதி

அதிர்வு இன்ஜினிலிருந்தா, சக்கரத்திலிருந்தா என்று பிரிக்க மூன்று சோதனைகள் போதும். வண்டியை நிறுத்தி, கிளட்சைப் பிடித்து ரேஸ் கொடுக்கும்போது அதிர்ந்தால் இன்ஜினோ அதன் மவுன்ட்டோ. கிளட்ச் பிடித்து, இன்ஜினை அணைத்து உருளும்போது அதிர்ந்தால் செயின், ஸ்பிராக்கெட், சக்கரம். இரண்டிலும் இல்லாமல் இழுக்கும்போது மட்டும் அதிர்ந்தால் செயின் வரிசையோ கிளட்ச் பேடோ. இந்த வண்டியில் முதல் இரண்டுமே இருந்தன.

ஒற்றைச் சிலிண்டரில் அதிர்வை முழுதாக ஒழிக்க முடியாது. பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்ந்து 120 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கிராங்கின் ஆரம் 19 மி.மீ. நிமிடத்துக்கு 4,350 சுற்றில் பிஸ்டன் உச்சியில் திரும்பும்போது ஏறத்தாழ 48 கிலோ எடைக்குச் சமமான விசை மேலும் கீழும் அடிக்கிறது. கிராங்கின் எதிர்எடை இதில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். சுற்று கூடக் கூட இந்த விசை வர்க்கத்தில் ஏறும். அதுதான் ‘30-ஐத் தாண்டினால்’ என்ற புகாரின் பின்னால் இருக்கிறது.

மவுன்ட்டில் ரப்பர் துண்டு வைத்து இறுக்கியிருந்தார்கள். நல்லெண்ணத்தில் செய்யப்படும் மோசமான வேலை இது. ரப்பர் நசுங்கி இன்ஜின் தனியாக ஆடத் தொடங்கும். ஸ்டட்டுகள் வளைந்து வளைந்து உலோகம் களைத்து ஒருநாள் முறியும். இன்ஜினும் சட்டமும் உலோகத்தோடு உலோகமாக ஒரே உடலாக இருந்தால், சைக்கிளின் எடையும் ஓட்டுபவரின் எடையும் சேர்ந்து அந்த அடியை வாங்கிக்கொள்ளும். ரப்பர் எடுக்கப்பட்டது. மவுன்ட்டின் வளைவைச் சட்டக் குழாயின் உருளைக்கு ஏற்ப அரை வட்ட அரத்தால் அராவி, குழாயில் மை தடவிப் பொருத்திப் பார்த்து, வளைவு முழுவதும் மை படியும்வரை சரிசெய்யப்பட்டது. 8.8 தரப் போல்ட், ஸ்பிரிங் வாஷர், நடுத்தர வலுவுள்ள திரெட் பசை. சைலன்சரின் வால் அந்தரத்தில் தொங்கியது. சட்டத்தோடு ஒரு பட்டைத் தகடு போட்டுப் பிடித்தாயிற்று. சைலன்சரைத் தகட்டுக்கு இழுத்துப் பொருத்தாமல், சைலன்சர் இருக்கும் இடத்துக்கேற்பத் தகட்டை வளைத்துப் பொருத்த வேண்டும். இழுத்துக் கட்டினால் எக்ஸாஸ்ட் ஸ்டட் முறியும்.

பின் ஸ்பிராக்கெட் ஆரக்கம்பிகளைக் கவ்வி, ரப்பர் வட்டுகளுக்கு நடுவே ஒன்பது போல்ட்டால் பிடிபடும் வகை. சட்டத்தில் ஒரு கம்பியைக் கட்டி, அதன் நுனியைப் பல்லுக்கு அருகே வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் ஆட்டம் கண்ணுக்கே தெரியும். பக்கவாட்டில் 2.5 மி.மீ., மேலும் கீழும் 1.5 மி.மீ. விநாடிக்கு இரண்டு வெட்டின் மூலம் இதுதான். ஒன்பதையும் தளர்த்தி, ஹப்பின் மையத்தை வைத்து ஸ்பிராக்கெட்டை நடுவாக்கி, எதிரெதிர் போல்ட்டுகளைக் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்க வேண்டும். மூன்று சுற்று வேலைக்குப் பிறகு இரண்டு ஆட்டமும் 1 மி.மீ.க்குள் வந்தன. செயினை அதன் மிக இறுக்கமான இடத்தில் வைத்து 12 முதல் 15 மி.மீ. தொய்வு விடவும். தொய்வைக் கூடியவரை பின்சக்கரத்தை நகர்த்தியே எடுக்க வேண்டும். டென்ஷனர் உருளை மேல் முழு வேலையையும் சுமத்தினால், அது ஒருநாள் சுழன்று ஆரக்கம்பிக்குள் போகும். சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். கிட் சைக்கிளில் நடக்கக்கூடிய மிக ஆபத்தான கோளாறு அதுதான்.

கடைசியாகப் பல் எண்ணிக்கை. 44 பல்லில் மொத்தக் குறைப்பு 18.04 மடங்கு, 30 கி.மீ. வேகத்தில் இன்ஜின் 4,350 சுற்று சுற்ற வேண்டும். 36 பல் போட்டால் 14.76 மடங்கு, அதே வேகத்துக்கு 3,565 சுற்று போதும். முன்சொன்ன 48 கிலோ அடி 32 கிலோவாக இறங்குகிறது. கார்பரேட்டரில் ஒரு வாரம் உட்கார்ந்தாலும் இந்த அளவு மென்மை வராது. இதற்கு விலை உண்டு: புறப்படும்போது கூடுதலாக மிதிக்க வேண்டும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். செங்குத்தான ஏற்றங்கள் உள்ள வழியில் ஓடும் வண்டிக்கு 44-ஐயே வைத்துக்கொள்ளச் சொல்லலாம். இது சமதளத்தில் ஓடுவது, 36 போடப்பட்டது. பல் குறைந்ததால் இன்ஜினின் சுமை கூடியது. மீண்டும் பிளக் பார்த்தபோது நிறம் சற்று வெளிறியிருந்தது. 0.65 ஜெட் 0.68 ஆயிற்று, பழுப்பு திரும்பியது.

முடிவில் 30 கி.மீ. வேகத்தில் விரல் மரப்பு இல்லை, கைப்பிடியில் மெல்லிய ரீங்காரம் மட்டும். 38 கி.மீ.க்கு மேல் அதிர்வு மறுபடி வருகிறது. அது கிராங்கின் சமநிலை சம்பந்தப்பட்டது, கேஸைப் பிரிக்காமல் ஆகாது. ரேஸ் உடனே இறங்குகிறது. செயின் வெட்டு போய்விட்டது.

முதல் 10 கி.மீ., பிறகு 50 கி.மீ. ஓடியதும் மவுன்ட் போல்ட், ஹெட் நட், ஸ்பிராக்கெட் போல்ட் மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டும். ரப்பர் வட்டுகள் நசுங்கி இடம்பிடிப்பதால் ஸ்பிராக்கெட் போல்ட் கட்டாயம் தளர்ந்திருக்கும். நீள இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடிவைத்து இன்ஜினாலேயே பிரேக் பிடித்தபடி இறங்காதீர்கள். சுற்று அதிகமாக இருக்கும், உள்ளே வரும் பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் சொட்டுதான். கிளட்சைப் பிடித்து இறங்கி, இடையிடையே சற்று ரேஸ் கொடுத்து விடவும்.